அளந்து செய்த கோல்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிச் சீமையில் காற்றே ஈரமாகிவிடும். மலையிடைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தூறலைத் தூவிவிட்டுப் போகும். அதற்குச் சாரல் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லும்போதே மனம் குளிர்கிறவர்கள் நம் மக்கள். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நிரம்பி வழிய, அவற்றின் கீழே தலையை நீட்டுவதற்காக எங்கெங்கிருந்தோ மக்கள் திரண்டு வருகிறார்கள். ஆனால், இதே சாரல் உள்ளூர் முதியவர்களுக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. வாசற்படியில் பாசி பிடிக்கிறது. தெருவின் சிமெண்டுத் தளம் மினுமினுக்கிறது. ஆலயத்தின் மெருகேற்றிய கல்தரையில், நனைந்த செருப்புகளும் குடைகளும் சொட்டிய நீர் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாய்ப் படிந்து கிடக்கிறது. சாரல் மாதங்களில் காலைத் திருப்பலிக்கு வரும் முதியவர்களின் எண்ணிக்கை குறைவதை ஆண்டுதோறும் கண்டுவருகிறோம். வீடு தேடிச் சென்று விசாரித்தால் விடை ஒன்றுதான்: "வழுக்குது சாமி."

விழுவது ஒரு துன்பம். விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் அதனினும் பெரிய துன்பம். விழுந்தவருக்குக் கட்டுப்போட மருத்துவமனை உண்டு. அஞ்சியவரோ தம் வீட்டுத் திண்ணையையே எல்லைக்கல்லாக்கிக் கொள்கிறார். நடை குறைய, தசை மெலிகிறது. தசை மெலிய, தள்ளாட்டம் மிகுகிறது. தள்ளாட்டம் மிக, அச்சமும் வளர்கிறது. இந்தச் சுழலில் சிக்கியவர்கள் நம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு.

"ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வரலாமே, ஆச்சி" என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டோம். எண்பதைத் தாண்டியவர், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "கம்பை ஊனிட்டு வந்தா, இவ காலம் முடிஞ்சு போச்சுன்னுல்லா சாமி சொல்லுவாவ!" அவருடைய கால்களைவிட அவருடைய தன்மானமே அதிகமாகத் தடுமாறுகிறது என்பது அப்போது நமக்குப் புரிந்தது.

ஊன்றுகோல் ஓர் இழிவின் அடையாளமா? விவிலியத்தை விரித்தால் விடை வேறாக இருக்கிறது. இளைஞனான யாக்கோபு யோர்தானைக் கடந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு கோல் மட்டுமே. அன்று அது வழிப்போக்கனின் கோல். பின்னொரு நாள் இரவில் யாபோக்கு ஆற்றங்கரையில் இறைத்தூதரோடு போராடி, இடுப்புச் சந்து விலகி, நொண்டி நடந்தார். இறுதி நாள்களில் தம் பேரப்பிள்ளைகளுக்கு ஆசி வழங்கி, தம் கோலின்மேல் சாய்ந்து இறைவனைத் தொழுதார் என்று எபிரேயர் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரம் அவரை நினைவுகூர்கிறது. தொடக்க நூலின் எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் 'கட்டில்' என்று வாசிக்கும் மரபும் உண்டு. எபிரேயத்தில் கட்டிலுக்கும் கோலுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே. உயிரொலி மட்டுமே வேறு. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் கோல் என்று வாசித்தார்கள். திருமுக ஆசிரியரும் அவ்வாறே எடுத்துக்கொண்டார். கட்டிலுக்கும் கோலுக்கும் இடையிலுள்ள தொலைவு ஓர் உயிரொலி அளவுதான் என்பது நம் முதியோரின் நிலைக்கு எவ்வளவு பொருத்தம்! கோல் கிடைத்தவர் எழுந்து நிற்கிறார். கிடைக்காதவர் கட்டிலோடு அடங்கிவிடுகிறார்.

இறைவாக்கினர் செக்கரியா, மீட்கப்பட்ட எருசலேமின் பேரழகை எட்டாம் அதிகாரத்தில் வரைந்து காட்டுகிறார். அந்த ஓவியத்தில் முதலில் தெரிவது கோட்டையுமன்று, கோபுரமுமன்று. முதிர்ந்த வயதினால் கையில் கோல் பிடித்த கிழவர்களும் கிழவிகளும் நகரின் தெருக்களில் அமர்ந்திருப்பார்கள். சிறுவர் சிறுமியர் அவர்களைச் சூழ விளையாடுவார்கள். முதியவர் அச்சமின்றித் தெருவுக்கு வர முடிகிற ஊரே ஆண்டவரின் ஆசி பெற்ற ஊர் என்பது இறைவாக்கினரின் அளவுகோல். நம் ஊர்த் தெருக்களை அந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் என்ன விடை கிடைக்கும்?

இந்தக் கேள்வியோடுதான் நம் பங்குப் பேரவை ஒரு மாலை கூடியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாள், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகிறது. நமக்கோ அது நடுச்சாரல் காலம். அன்று முதியோருக்குச் சேலை, வேட்டி வழங்குவதற்குப் பதிலாக ஊன்றுகோல் வழங்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். பங்கிலுள்ள தச்சர் ஒருவரை அழைத்து, "மூணடி உசரத்துல பத்துக் கம்பு வேணும்" என்று அவரே அளவும் சொன்னார். தச்சர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, நிலையைப் பாத்துத்தானே கதவுக்குப் பலகை அறுக்கோம்? கம்புக்கு மட்டும் ஆளைப் பாக்காம அறுக்கச் சொல்லுதியளே! ஆளைக் கூட்டியாங்க, கம்பை அப்புறம் பாப்போம்."

நாம் குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியல் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் போலிருந்தது. ஆளைப் பார்க்காமல் அறுக்கப்படும் உதவி, உதவியாக முடிவதில்லை.

தச்சரின் சொல்லை ஏற்று, இயன்மருத்துவம் பயின்ற நம் பங்கு இளைஞர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, முதியவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தோம். அந்தச் சில வாரங்களில் நாம் கற்றுக்கொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கிறார். இல்லையேல் நாமே நாளை அவராகப் போகிறோம்.

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். கண் ஒரு சாட்சி. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் இரண்டாம் சாட்சி. உள்ளங்காலும் மூட்டுகளும் தரையைப் பற்றித் தரும் செய்தி மூன்றாம் சாட்சி. இம்மூன்றும் ஒத்துச் சொல்லும்போது மூளை உடலை நேராக நிறுத்துகிறது. வயதாகும்போது சாட்சிகள் ஒவ்வொன்றாய்த் தளர்கின்றன. கண்ணில் புரை விழுகிறது. செவியின் சமநிலை குன்றுகிறது. நீண்டநாள் நீரிழிவு உள்ளவருக்கு உள்ளங்கால் நரம்புகள் மரத்து, பஞ்சின்மேல் நடப்பதுபோல் தோன்றுகிறது. அத்தகையவர் பகலில் ஒருவாறு நடந்துவிடுவார். மின்விளக்கு அணைந்ததும் நிலைதடுமாறுவார். கண் என்னும் சாட்சியும் போய்விட்டதல்லவா? ஆகவே தள்ளாட்டம் கண்டவுடன் கம்பைத் தேடுவதற்கு முன் மருத்துவரைத் தேட வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை அவர் ஆராய்ந்த பிறகே கோலின் முறை வருகிறது.

கோல் செய்வது என்ன? இரு பாதங்களுக்கு இடைப்பட்ட சிறு நிலமே நாம் நிற்கும் அடித்தளம். உடலின் எடைமையம் அந்த நிலத்திற்கு மேலே இருக்கும்வரை நிற்கிறோம். வெளியே சரிந்தால் விழுகிறோம். கோலை ஊன்றியதும் அந்தச் சிறு நிலம் முக்கோணமாய் விரிகிறது. முக்காலி ஆடாது என்பது தச்சரின் பால பாடம்.

ஆனால், கோலின் பணி இத்துடன் முடிவதில்லை. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜெக்கா, ஜேம்ஸ் லாக்னர் என்னும் இரு அறிஞர்கள் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நிற்பவர்களின் உடல் இயல்பாகவே ஊசலாடும். அவர்கள் ஒரு விரல்நுனியால் அசையாத பொருளொன்றை மெல்லத் தொட்டுக்கொண்டு நின்றபோது, அந்த ஊசலாட்டம் வெகுவாகக் குறைந்தது. தொடுதலின் அழுத்தம் நூறு கிராம் எடைக்கும் குறைவு. உடலைத் தாங்கிப் பிடிக்க அது எவ்வகையிலும் போதாது. எனினும், அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றபோது கிடைத்த நிலைப்புக்கு ஒப்பான நிலைப்பு அந்த மெல்லிய தொடுதலிலும் கிடைத்தது. தரை எங்கே, தாம் எங்கே என்னும் செய்தி விரல்நுனி வழியாக மூளைக்குச் சென்றதே காரணம். இதை அறிந்தபோது நாம் வியந்தோம். கோல் ஒருவரைச் சுமப்பதால் மட்டும் உதவுவதில்லை. தரை இதோ இருக்கிறது என்று உணர்த்துவதாலும் உதவுகிறது. தளர்ந்துபோன சாட்சிகளுக்குப் பதிலாகப் புதிய சாட்சியொன்று கையில் முளைக்கிறது.

இனி அளவுக்கு வருவோம். முதியவர் வழக்கமாக அணியும் செருப்போடு நேராக நிற்க வேண்டும். கைகள் இயல்பாகத் தொங்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறம் மடிப்புக்கோடு விழும் இடம் எதுவோ, அங்கிருந்து தரைவரை உள்ள உயரமே கோலின் உயரம். அதைப் பிடிக்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். கோல் நீண்டுவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும், அழுத்தி ஊன்ற முடியாது. குறுகிவிட்டால் உடல் முன்னோக்கிக் குனியும், தள்ளாட்டம் கூடும். பத்துக் கம்புகளையும் ஒரே மூன்றடியில் அறுத்திருந்தால் என்னாகியிருக்கும் என்று அளந்து முடித்த பின் கணக்குப் பார்த்தோம். ஒருவருக்கோ இருவருக்கோதான் பொருந்தியிருக்கும்.

எந்தக் கையில் பிடிப்பது? ஒரு கால் நலிந்திருந்தால், பெரும்பாலோர் அதே பக்கத்துக் கையில் கோலைப் பிடிக்கிறார்கள். அது தவறு. எதிர்ப்பக்கத்துக் கையிலேயே பிடிக்க வேண்டும். நலிந்த காலோடு கோலும் சேர்ந்து முன்செல்ல வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்புத் தசைகள் உடலெடையைவிடப் பெரிய விசையோடு இழுத்தால்தான் உடல் சாயாமல் நிற்கும். எதிர்க்கையிலுள்ள கோல் இடுப்பிலிருந்து விலகியிருப்பதால், நெம்புகோல்போல் சிறு அழுத்தத்திலேயே அந்தப் பெருஞ்சுமையைக் குறைத்துவிடுகிறது. வால்ட்டர் பிளவுண்ட் என்னும் எலும்பு மருத்துவர் 1956-இல் இதை விளக்கி எழுதிய கட்டுரைக்கு, ஊன்றுகோலை எறிந்துவிடாதீர் என்னும் பொருளில் தலைப்பிட்டிருந்தார். படிகளுக்கும் ஒரு முறை உண்டு. ஏறும்போது வலுவுள்ள கால் முதலில். இறங்கும்போது கோலும் நலிந்த காலும் முதலில். நம் ஆலயப் படிகளில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று, பீடச் சிறுவர்களும் ஆளுக்கொரு கம்போடு வந்து ஏறி இறங்கிப் பழகினார்கள்.

கைப்பிடியிலும் நுட்பம் இருக்கிறது. வளைந்த பிடியுள்ள கைத்தடி கையில் தொங்கவிட வசதியானது. ஆனால் உடலின் பாரம் தண்டின் நேர்மேலே விழாமல் விலகி விழுகிறது. மெல்லிய உருண்டைப் பிடி, மூட்டுவாதம் உள்ளவரின் உள்ளங்கையை அறுக்கிறது. நம் தச்சர் பூவரசங்கட்டையில், உள்ளங்கை முழுவதும் பரந்து அமரும்படி குறுக்குப் பிடியை இழைத்தார். தண்டுக்குக் கல்மூங்கிலைத் தேர்ந்தார். பிடியைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மூங்கில் பிளக்காதிருக்க மேலும் கீழும் பித்தளைப் பூண் போட்டார். அடியில் அகன்ற ரப்பர் புஷ். இந்த ரப்பர்தான் சாரல் நாட்டில் உயிர்நாடி. அதன் அடிப்பரப்பிலுள்ள வளையக் கோடுகள் தேய்ந்து வழவழத்துவிட்டால், ஈரக்கல்லில் கோலே வழுக்கும். தாங்க வந்ததே தள்ளிவிடும். சைக்கிள் டயரைப் பார்ப்பதுபோல் மாதம் ஒருமுறை கோலைத் திருப்பிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

நான்கு கால் கொண்ட ஊன்றுகோலே எல்லாவற்றினும் சிறந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்து மெல்ல நடப்பவருக்குச் சமதரையில் அது நல்ல துணை. ஆனால் நான்கு கால்களும் ஒருங்கே தரையைத் தொட்டால்தான் அது நிற்கும். மேடுபள்ளமான நம் தெருவில் இரு கால் தொட, இரு கால் அந்தரத்தில் ஆட, அதுவே விழவைத்துவிடும். எவருக்கு எது என்பதை, அவர் உடலும் அவர் நடக்கும் வழியும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

எசேக்கியா அரசரின் காலத்தில் அசீரியத் தூதன் எருசலேமின் மதிலருகே வந்து, எகிப்தின் உதவியை முறிந்த நாணலுக்கு ஒப்பிட்டான். அதை ஊன்றுகிறவன் கையில் அது குத்தி ஊடுருவும் என்று ஏளனம் செய்தான். எசாயா நூலின் 36-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த உவமை, பகைவன் வாயிலிருந்து வந்தாலும் மெய்யானது. பொருந்தாத ஊன்றுகோல் உதவாததோடு நிற்பதில்லை. கையைக் குத்தவும் செய்யும்.

இதை ஒரு வீட்டில் நேரில் கண்டோம். முந்திய ஆண்டுச் சாரலில் முற்றத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்த பெரியவர் அவர். அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் அவர் மீண்டும் நடக்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளியன்று அவருக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். அவர் விழுந்த நாளில் அவர் கையில் கம்பு இல்லாமல் இல்லை. காலஞ்சென்ற தமையனாரின் கைத்தடி அது. இவரைவிட நெட்டையானவர் ஊன்றியது. நான்கு விரற்கடை உயரம் அதிகம். அடியில் ரப்பர் இல்லை. அது இன்றும் அவர் கட்டிலருகே சுவரில் சாத்தியிருக்கிறது. கோல் இருந்தும் விழுந்தார் என்று ஊரார் சொல்கிறார்கள். அவருக்கென்று ஒரு கோல் இருந்ததே இல்லை என்று நாம் சொல்வோம்.

உதவிக்கு வழியில்லாமலும் இல்லை. கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் நடுவண் அரசு நிறுவனம் செயற்கை உறுப்புகளையும் துணைக்கருவிகளையும் செய்கிறது. வறிய முதியோருக்கு ஊன்றுகோல், வாக்கர், செவிக்கருவி முதலியவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரலில் தொடங்கியது. கடைகளில் கிடைக்கும் அலுமினிய ஊன்றுகோல்களில் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வரிசையாகத் துளைகளும் அழுத்துப் பொத்தானும் இருக்கின்றன. நாம் சந்தித்த முதியவர்களில் சிலர் அத்தகைய கோலை வைத்திருந்தார்கள். வாங்கிய நாளில் இருந்த துளையிலேயே அது இருந்தது. பொத்தானை அழுத்தி இரண்டு துளை இறக்கிவைக்க ஒரு நிமிடம் போதும். பொருள் வீடுவரை வந்துவிட்டது. அந்த ஒரு நிமிட அன்புதான் வந்து சேரவில்லை.

அளந்து உதவுவதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளிடையே பணியாற்றி வருகிறது. அதை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே தம் சங்கத்துக்குச் சூட்டினார். பிற்காலத்தில் அவரோடு இணைந்த திரு. எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நம் வட்டாரமே மகிழ்ந்தது. அவர்கள் இருவரும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது: எதைச் செய்ய வேண்டும் என்பதை, தேவையில் இருப்பவரே முதலில் சொல்ல வேண்டும். கோலை ஊன்றுகிறவரைக் கேட்காமல் கோலைச் செய்யாதே. நம் தச்சர் சொன்னதும் அதுதான்.

வெட்கத்திற்கும் ஒரு மருந்து கண்டோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-இல் விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு, உலகமே பார்க்கக் கைத்தடியோடு நடந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் முழங்கால் வலியால் 2022-இல் சக்கர நாற்காலியிலும் கைத்தடியோடும் மக்கள்முன் தோன்றி, அதே ஆண்டில் முதுமையைப் பற்றியே தொடர்ந்து மறைக்கல்வி உரை வழங்கினார். ஆயரின் கையிலுள்ள கோலை நாம் வணங்குகிறோம். சூசையப்பரின் கையிலுள்ள கோலுக்குப் பூச்சூட்டுகிறோம். வீட்டுப் பெரியவரின் கோலை மட்டும் ஏன் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறோம்? நம்பிக்கை இருந்தால் கோலை எறிந்துவிட்டு நடக்க வேண்டும் என்று எண்ணுகிற பக்தர்களும் உண்டு. குணமாக்கும் ஆண்டவர் சிலருக்கு அந்த வரத்தை அருளலாம். மற்றவர்களுக்கு, கோலை எடுக்கும் துணிவே அவர் தரும் வரம். இஸ்ரயேல் மக்கள் விடுதலைப் பயணத்திற்கு முந்திய இரவில் பாஸ்கா உணவைக் கையில் கோலோடுதான் உண்டார்கள். கோல் அங்கே புறப்படுகிறவர்களின் அடையாளம்.

முதியோர் நாளுக்குள் பத்தும் முடியவில்லை. அளந்து செய்வதற்குக் காலம் பிடிக்கிறது. ஆறு கோல்களை மந்திரித்து வழங்கினோம். ஒவ்வொன்றின் பிடிக்கு அடியிலும் உரியவரின் பெயரை உளியால் செதுக்கியிருந்தார் தச்சர். கம்பு ஊன்ற மாட்டேன் என்ற அந்த ஆச்சி, தம் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கம்பு இல்ல சாமி, என் பேரு" என்றார். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலைத் திருப்பலிக்கு வருகிறார். மழை வலுத்த நாள்களில் வருவதில்லை, அதுவும் அறிவுடைமைதான்.

வள்ளுவர், கேள்வி என்னும் அதிகாரத்தில், ஒழுக்கமுடையவரின் வாய்ச்சொல்லை வழுக்கும் நிலத்தில் உதவும் ஊன்றுகோலுக்கு ஒப்பிட்டார். அதைப் பெற்றோரும் ஆசிரியரும் குருக்களுமாகிய நாம் மனத்தில் இருத்த வேண்டும். வழுக்கும் இடத்தில் நிற்பவரை நாம் தூக்கிச் சுமக்க முற்பட்டால் அவர் நடை மறந்துபோவார். தரை எங்கே என்று உணர்த்துமளவு தொட்டுக்கொண்டு உடன் சென்றால், அவரே நடப்பார்.

அன்பு வாசகரே, இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரைச் செருப்பணிந்து நேராக நிற்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிப்புவரை அளந்து பாருங்கள். கோலைத் திருப்பி ரப்பரைப் பாருங்கள். படியில் கைப்பிடிக் கம்பி உண்டா, கழிவறை செல்லும் வழியில் இரவு விளக்கு உண்டா என்று பாருங்கள். ஆலயத்திற்கு அழைத்து வரும்போது கையைப் பற்றி இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பற்றிக்கொள்ளட்டும். வாசலில் ஈரம் உறிஞ்சும் சாக்கு விரித்திருக்கிறோம். படிகளின் ஓரமாகக் கைப்பிடிக் கம்பியும் பொருத்தியாயிற்று. மீதமுள்ள நான்கு கோல்களுக்குரியவர்களைத் தச்சர் இந்த வாரம் அளக்கப் போகிறார்.